உரை அமரும் இடம்: நிரலில் ஆவணக் குறிப்பின் வைப்பிலக்கணமும் தீராத வெற்று வரிச் சிக்கலும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது. நன்னூல் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகள் கேட்கிறது, எட்டையும் தந்துவிடுகிறோம். ஆக்கியோன் பெயர்: கமிட் வரலாற்றில் உள்ளது, வேண்டுவோர் தேடிக்கொள்க. வழி: முதல் நூலும் அன்று, வழி நூலும் அன்று, அங்கங்கே பார்த்து ஒட்டியமையால் சார்பு நூல். எல்லை: வடக்கே கோப்பின் முதல் வரி, தெற்கே கடைசி வரி, மேற்கே இடப்பக்க ஓரம், கிழக்கே எழுபத்தொன்பதாம் எழுத்து. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: தொகுத்தலும் விரித்தலும், பெரும்பாலும் விரித்தல். நுதலிய பொருள்: கீழே காண்க. கேட்போர்: மெர்ஜ் ஆகாமல் மாட்டிக்கொண்டிருப்போர். பயன்: பச்சை டிக். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக எண்ணுவோரும் உண்டு. அவர்கள் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருப்பவர்கள்.

இனி நுதலிய பொருள். நிரல் எழுதுவோர் தாம் எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கிளாஸுக்கும், இது இன்னது செய்யும், இதைக் கொடுத்தால் இது வரும் என்று மனிதர் மொழியில் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது தொழில் மரபு. அதற்கு ஆவணக் குறிப்பு என்று பெயரிடுவோம். அக்குறிப்பு என்ன சொல்கிறது என்பது குறித்து இவ்வுலகில் யாரும் உறக்கம் இழந்ததாகத் தெரியவில்லை. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது குறித்தோ கருவிகள் உண்டு, கருவிகளுக்குள் விதிகள் உண்டு, விதிகளுக்கு எண்கள் உண்டு, எண்களுக்கு விலக்குகள் உண்டு, விலக்குகளை விலக்கும் விதிகளும் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அதற்கு மேலும் ஒரு கட்டுரை சேர்ப்பதே நோக்கம்.

1. முன்னோர் ஆய்வு

1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களைத் துருவிப் பார்க்கும் லின்ட் என்ற கருவியைச் செய்தார். அது பிழை இருக்கும் இடத்தில் தேடியது. அதன் வாரிசுகள் முன்னேறி, பிழை இல்லாத இடத்திலும் கண்டுபிடிக்கக் கற்றன.

2. வைப்பின் வகைகள்

ஆவணக் குறிப்பின் வைப்பு ஐவகைப்படும்: மேல்வைப்பு, உள்வைப்பு, கடைவைப்பு, பக்கவைப்பு, அந்தரவைப்பு. நான்கே என்பார் சிலர். அந்தரவைப்பு வைப்பே அன்று என்பது அவர்தம் கருத்து. அவர்களை யாம் மறுக்கிறோம். காரணம் பின்னர் (காண்க: பின்னர்).

மேல்வைப்பு: ஜாவா, சி ஷார்ப், கோ முதலிய மொழிகளின் நெறி. குறிப்பு மேலே இருக்கும், குறிக்கப்படுவது கீழே இருக்கும். ஜாவாவில் சாதாரணக் குறிப்பு ஒரு விண்மீனோடு தொடங்கும். ஆவணக் குறிப்பு இரண்டு விண்மீனோடு தொடங்கும். ஒற்றை விண்மீனை, ஆவணம் திரட்டும் ஜாவாடாக் கருவி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இம்மரபின் காவலர், 2001 முதல் இயங்கிவரும் செக்ஸ்டைல் என்ற கருவி. அதன் விதிகளுள் ஒன்று, குறிப்பு தகாத இடத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே உண்டானது. தகாத இடம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மெத்தடின் தலையில் அனோட்டேஷன் இருந்தால், குறிப்பு அதற்கும் மேலே இருக்க வேண்டும். அனோட்டேஷனுக்கும் மெத்தடுக்கும் நடுவே புகுந்துவிட்டால், அதே சொற்கள், அதே விண்மீன்கள், அதே அக்கறையோடு எழுதப்பட்டிருந்தாலும் ஜாவாடாக் அதைக் கண்டுகொள்ளாது. இதனை யாம் பின்வரும் நூற்பாவில் அடக்கினோம்:

மேலிருந் துரைப்பது கீழதற் குரித்தே;
இடையிற் புகுந்தது எதற்குமஃ தன்றே.

இந்நூற்பா மிகப் பழமையானது. கட்டுரையின் முதல் வரைவிலேயே உள்ளது. 'அன்றே' என்புழி ஏகாரம் தேற்றம் என்பார் முதல் உரைகாரர். ஈற்றசை என்பார் இரண்டாம் உரைகாரர். இரண்டும் பொருந்தும் என்பார் மூன்றாம் உரைகாரர். அவர் இருவரிடமும் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டியவர்.

உள்வைப்பு: பைதான் நெறி. குறிப்பு, ஃபங்ஷனின் வீட்டுக்குள்ளேயே முதல் வாக்கியமாகக் குடியிருக்கும். டேவிட் குட்ஜரும் கைடோ வான் ரோஸமும் 2001-இல் எழுதிய பெப் 257 இதன் மூல நூல். இங்கே குறிப்பு வெறுங்குறிப்பு அன்று, மூன்று மேற்கோள் குறிக்குள் பொதிந்த சரம். ஓடும் நிரலே அதை எடுத்துப் படிக்க இயலும். ஆனால் முதல் வாக்கியமாக இருந்தால் மட்டுமே அந்தத் தகுதி. அதற்கு முன்னால் ஒரே ஒரு வேறு வாக்கியம் நுழைந்துவிட்டால், சரம் அங்கேயே கிடக்கும், ஃபங்ஷனைக் கேட்டால் தனக்கு ஆவணமே இல்லை என்று சாதிக்கும். முதலில் வந்தவருக்கே மரியாதை என்ற இந்நெறி, விழா மேடைகளில் முன்பே வழக்கில் உள்ளது.

கடைவைப்பு: பெர்ல் நெறி. இதற்குத் தனி இயல் தேவை (காண்க: இயல் 4).

பக்கவைப்பு: 1997-இல் டிமிட்ரி வான் ஹேஷ் உருவாக்கிய டாக்ஸிஜன் என்ற ஆவணக் கருவியில், உறுப்புக்கு வலப்பக்கம் குறிப்பு எழுதுவோர் இடப்பக்கம் பார்க்கும் ஓர் அம்புமுனையையும் போட வேண்டும், மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தரவைப்பு: எதன் மேலும் இல்லாமல், எதனுள்ளும் இல்லாமல், நடுவழியில் நிற்கும் குறிப்பு. ஃபங்ஷனை யாரோ அழித்துவிட்டு அதன் குறிப்பை அழிக்க மறந்தால் பிறப்பது இது. இதற்கு வழங்கப்படும் தீர்ப்பு மொழிக்கு மொழி வேறுபடும். சி ஷார்ப் சிஎஸ்1587 என்ற எண்ணில் ஓர் எச்சரிக்கை தந்து போகவிடும். 1996-இல் வெளிவந்த ஜாவாவின் கம்பைலர் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 2024-இல் வந்த 23-ஆம் பதிப்பில்தான் இத்தகைய தொங்கு குறிப்புகளைச் சுட்டும் வசதி சேர்ந்தது, அதுவும் கேட்டால்தான் சொல்லும். ரஸ்ட் மொழியோ பொறுமை அற்றது. எதையும் ஆவணப்படுத்தாத ஓர் ஆவணக் குறிப்பைக் கண்டால் இ0585 என்று பிழை கூறி, நிரலைக் கம்பைல் செய்யவே மறுத்துவிடும்.

அந்தரவைப்பையும் ஒரு வகையாக யாம் கொண்டதன் காரணம் இப்போது விளங்கும். எதைப் பற்றியும் இல்லாத எழுத்தை வகைப்பாட்டிலிருந்து நீக்கினால் ஆய்வுலகில் மிஞ்சுவது சொற்பம். இ0585 என்ற விதியை ரஸ்ட்டோடு நிறுத்திக்கொண்ட அறிஞர்களுக்கு எல்லாத் துறைத்தலைவர்கள் சார்பிலும் நன்றி.

3. வெற்று வரி இயல்

இனி இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருகிறோம். வாசகர் தண்ணீர் அருந்திவிட்டு வரலாம்.

பைதானில் கிளாஸ் ஒன்றுக்குத் தலைப்பு வரி இருக்கும். அதன் கீழ் ஆவணச் சரம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்று வரி வேண்டுமா, வேண்டாமா? இதுவே வினா. பைடாக்ஸ்டைல் என்ற கருவி இதற்கு ஐயத்துக்கு இடமின்றி விடை தருகிறது. டி203 என்ற விதி கூறும்: ஒரு வெற்று வரி கட்டாயம். டி211 என்ற விதி கூறும்: வெற்று வரி கூடவே கூடாது. இரண்டும் ஒரே கருவியின் விதிகள். ஒரே சமையலறையில் இரண்டு மாமியார்.

இரு விதிகளையும் ஒருசேர முடுக்கிவிட்டால் விளைவது என்ன என்பதை முறைப்படி ஆராய்ந்தோம். வரி விட்டால் டி211 பிடிக்கும். வரி விடாவிட்டால் டி203 பிடிக்கும். ஆவணச் சரமே வேண்டாம் என்று எடுத்துவிட்டால், பொதுக் கிளாஸுக்கு ஆவணம் இல்லை என்று டி101 பிடிக்கும். தப்ப ஒரு வழிதான் உண்டு: கிளாஸின் பெயருக்கு முன் அடிக்கோடு இட்டு அதைத் தனியாராக்கி, ஆவணமும் எழுதாமல் விட்டுவிடுவது. ஆக, ஆவணத்தைப் பேணப் பிறந்த விதிகள் அனைத்தையும் மீறாமல் வாழும் ஒரே கிளாஸ், ஆவணமே இல்லாமல் தலைமறைவாக வாழும் கிளாஸ். இக்கண்டுபிடிப்பு எமது என்பதைப் பதிவு செய்கிறோம்.

வெற்று வரியோ, வெற்று வரி இன்மையோ இரண்டுமே ஒப்பாதபோது, வெற்றும் அல்லாத நிறைவும் அல்லாத ஒரு மூன்றாம் வரி இயலுமா? வேதாந்திகள் இக்கேள்வியில் மகிழ்வர். வரியில் எழுத்தெதுவும் இடாமல், ஸ்பேஸ் பொத்தானை மட்டும் நாலைந்து முறை தட்டிவைத்தால் அத்தகைய வரி உண்டாகும். அதைப் பிடிக்க பைகோட்ஸ்டைல் என்ற வேறொரு கருவியில் டபிள்யூ293 என்ற விதி காத்திருக்கிறது: வெற்று வரியில் வெற்றிடம் உள்ளது என்பது குற்றச்சாட்டு. வெறுமைக்குள்ளும் தூய வெறுமை, கலப்பட வெறுமை என்ற பாகுபாட்டை நிறுவியவகையில் இவ்விதி சமய இலக்கியத்தோடு ஒப்பிடத்தக்கது; ஒப்பிடுவோர் முனைவர் பட்டம் பெறலாம்.

ஏன் இப்படி ஆயிற்று? இங்கேதான் பாடபேதம் வருகிறது. பெப் 257-இன் பழைய பாடத்தில், கிளாஸின் ஆவணச் சரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெற்று வரி விடச் சொல்லியிருந்தது. பின்னே விடுவதற்குக் காரணம் உண்டு: அடுத்து மெத்தட் வருகிறது, மெத்தடுகளுக்கு நடுவே வரி விடுவது வழக்கம். முன்னே விடுவதற்கும் ஒரு காரணம் காட்டப்பட்டிருந்தது. அது சமச்சீர். பின்னால் விட்டாயிற்று, முன்னாலும் விட்டால்தானே அழகு. பின்னர் வந்த பாடத்தில் முன்வரி போய்விட்டது, பின்வரி மட்டும் எஞ்சியது. டி203 பழைய பாடத்தின் எச்சம். டி211 புதிய பாடத்தின் வாரிசு. இரண்டையும் கருவிக்குள் வைத்துப் பூட்டியது, கருத்து வேறுபாட்டைப் பேணும் பரந்த மனமா, பழையதைத் தூக்கியெறிய மனமில்லாமையா என்பதில் அறிஞர் உடன்படுவதில்லை.

பாடபேத ஆய்வில் எமக்குள்ள தனிச் சிக்கலை இங்கே எடுத்துரைக்க வேண்டும். ஓலைச்சுவடியில் ஒரு வரி காணாமற் போயிருந்தால் கரையானைக் குறை சொல்வது மரபு. இங்கே காணாமற் போனது வெற்று வரி. வெற்று வரியைக் கரையான் அரித்தது என்று எப்படி நிறுவுவது? அரித்தபின் எஞ்சுவதும் வெற்றிடம், அரிக்கும்முன் இருந்ததும் வெற்றிடம். இதுகுறித்துப் பெயர் தெரியாத உரைகாரர் ஒருவர், தம் மடிக்கணினியில் 'புதிய கோப்புறை, நகலின் நகல்' என்ற உறைக்குள், 'இறுதி, உண்மையான இறுதி, இதைத் திறக்கவும்' என்ற ஏட்டில், திறந்தால் பாழாகியிருக்கும் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், 'வெற்றைப் பற்றி வெற்றே எழுதத் தகும்' என்று எழுதி, அதற்குக் கீழே அரைப் பக்கம் விட்டுவைத்திருப்பதாக அறிகிறோம். அந்த அரைப் பக்கத்துக்கு வந்த மறுப்புரை இரண்டு பக்கம். மறுப்புரைக்கு வந்த மறுப்புரை அச்சில் உள்ளது. பதிப்பகம் வெற்றுப் பக்கங்களுக்கும் காசு கேட்பதால் தாமதம்.

இவ்விவாதத்தில் இன்று மூன்று சமயங்கள் உள. முதலாவது சமச்சீர்வாதம்: அழகே அறம். இரண்டாவது ஒட்டுவாதம்: உரை தன் மூலத்தை ஒட்டி நிற்க வேண்டும், விலகினால் வழக்கு. மூன்றாவது நடைமுறைவாதம். அதன் இயல்பை விளக்க, சரியாக ஆறு மணிக்கு எங்கும் கேட்கத்தக்க ஓர் உரையாடலை அப்படியே தருகிறோம்.

"அண்ணா, சிஐ செவப்பா இருக்கு."

"என்னவாம்?"

"டாக்ஸ்ட்ரிங் முன்னாடி காலி வரி இல்லையாம்."

"ஒண்ணு போட்டுடு."

"போட்டேன். இப்ப காலி வரி இருக்காம்."

"அந்த ரூலை ஆஃப் பண்ணுப்பா. கேப் கெளம்பப் போவுது."

"எந்த ரூலை அண்ணா?"

"எது கைக்கு வருதோ அது."

நடைமுறைவாதம் இதைக் காட்டிலும் தெளிவாக எந்த நூலிலும் கூறப்படவில்லை.

தீர்ப்பு இறுதியில் எங்கிருந்து வந்தது? 2023-இல் பைடாக்ஸ்டைலின் பராமரிப்பு நின்றது. அதைச் செய்தவர்களே பயனரை ரஃப் என்ற கருவிக்குப் போகச் சொன்னார்கள். ரஃபில் இரு விதிகளையும் சேர்த்து முடுக்கினால், இவை ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, ஆகவே டி203-ஐப் புறக்கணிக்கிறேன் என்று ஒரு வரி எச்சரிக்கை தந்துவிட்டு வேலையைத் தொடர்கிறது. 2024 தொடக்கத்தில் பிளாக் என்ற வடிவமைப்புக் கருவி, கிளாஸின் ஆவணச் சரத்துக்கு முன்னுள்ள வெற்று வரியைத் தானே அழித்துவிடும் வழக்கத்தை நிலையாக்கியது. அதன் பின்னும் டி203-ஐ நம்புகிறவர், பகலில் வரி விடுவார். பிளாக் அதை எடுத்துவிடும். அவர் மறுபடி விடுவார். பெப் 257, நம்பை, கூகுள் என்று பைடாக்ஸ்டைல் அறிந்த முப்பெரும் மரபுகளில் ஒன்றும் டி203-ஐ ஏற்பதில்லை. எந்தச் சமயமும் கும்பிடாத தெய்வம் அது. ஆயினும் எண்ணோடும் பெயரோடும் பட்டியலில் இருக்கிறது. பாடத்திட்டத்திலிருந்து நீக்கிய பின்னும் வினாத்தாளில் வரும் வினாக்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.

ஒப்பியல் நோக்கு: கோ மொழியில் வெற்று வரிக்கு வேறு அதிகாரம் உண்டு. குறிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவே ஒரு வெற்று வரி வந்தால் உறவு முறிந்தது. அக்குறிப்பு அதன்பின் ஆவணம் அன்று. இதை வஞ்சகமாகப் பயன்படுத்துவோரும் உளர். கோப்பின் தலையில் உரிமத்தை நீளமாக எழுதிவிட்டு, கீழே ஒரு வரி விட்டுவிட்டால், அந்தச் சட்டப் பேச்சு பேக்கேஜின் ஆவணத்தில் ஏறாது. ரஸ்ட்டின் கிளிப்பி என்ற கருவியும் ஆவணக் குறிப்பின் பின்னே வரும் வெற்று வரியை ஐயத்தோடு பார்க்கும். ஆக, ஒன்றுமே எழுதாத ஒரு வரி பைதானில் சண்டை, கோவில் மணவிலக்கு, ரஸ்ட்டில் சந்தேகக் கேஸ். எழுதிய வரிகளுக்கு இவ்வளவு செல்வாக்கு எம்மொழியிலும் இல்லை.

டி212, டி213: பல வரி ஆவணத்தின் சுருக்கம் முதல் வரியிலா இரண்டாம் வரியிலா என்ற இதே சண்டையின் இரண்டாம் பாகம், இரண்டாம் பாகங்கள் பற்றி அனைவரும் அறிவர்.

4. கடைவைப்பும் தண்டமும்

மொழியியல் படித்த லாரி வால் 1987-இல் பெர்லைத் தந்தார். 1994-இல் வந்த பெர்ல் 5-உடன் பாட் என்ற எளிய ஆவண நடையும் வந்தது. சமக்குறியோடு தொடங்கும் ஒரு கட்டளையை வரியின் முதல் எழுத்திலேயே எழுதினால், அங்கிருந்து கட் என்ற கட்டளை வரும்வரை உள்ளதை பெர்ல் படிக்காமல் தாண்டிச் செல்லும். எனவே ஆவணத்தை எங்கு வேண்டுமானாலும் ஊடே ஊடே வைக்கலாம். ஒன்றைச் செய்யப் பல வழி உண்டு என்பதையே கொள்கையாகக் கொண்ட மொழிக்கு இது பொருத்தமே.

பொருத்தமாக இருப்பதை அறிஞர் விட்டுவைப்பதில்லை. 2005-இல் டேமியன் கான்வே எழுதிய பெர்ல் பெஸ்ட் பிராக்டிசஸ் என்ற நூல் 256 நெறிகளை வகுத்தது. 256 என்பது இரண்டின் எட்டாம் அடுக்கு; நெறிகள் இயல்பாக அந்த எண்ணில் வந்து நின்றன என்று நம்புவோர் நம்பலாம், நூற்பா எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எழுத உட்கார்ந்த யாம் நம்பமாட்டோம். ஆவணத்தைக் கோப்பின் முடிவில், எண்ட் என்ற குறிக்குப் பின்னே ஒன்றாகத் திரட்டி வைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எண்ட் குறியைக் கண்டதும் பெர்ல் படிப்பதை நிறுத்திவிடும். ஆவணத்தைத் தாண்டிச் செல்லும் சிரமமும் மிச்சம்.

இந்நெறிகளைப் பெரிதும் தழுவி எழுந்ததே பெர்ல் கிரிட்டிக் என்ற கருவி. ஆவணம் கடைசியில் இருக்கிறதா என்று பார்க்க அதில் தனி விதி உண்டு. எண்ட் குறிக்கு முன்னே பாட் தென்பட்டால் குற்றம். இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. ஃபங்ஷனை மாற்றுகிறவன் கண்ணெதிரே ஆவணம் இருந்தால் அதையும் மாற்றுவான். அறுநூறு வரி தள்ளி இருந்தால் எவன் போய்ப் பார்ப்பான் என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் அனுபவத்தின் மேல் நிற்பதால் ஆய்வுமுறைக்கு ஒவ்வாது என்று ஒதுக்குகிறோம்.

பெர்ல் கிரிட்டிக்கின் பெருமை அதன் தண்டப் பகுப்பில் உள்ளது. கருவியின் குணத்தைப் பயனரே ஐந்து நிலைகளுள் தேர்ந்துகொள்ளலாம்: மென்மை, கண்டிப்பு, கடுமை, கொடுமை, காட்டுமிராண்டித்தனம். எதுவும் கேட்காவிட்டால் மென்மை. அந்நிலையில் பெருங்குற்றம் மட்டும் சுட்டப்படும். ஆவணத்தின் இடம் பற்றிய விதி மிகச் சிறு குற்றங்களின் தட்டில் கிடப்பதால், காட்டுமிராண்டி நிலையில்தான் வாய் திறக்கும். அதாவது, உன் ஆவணம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்ற சொல்லைக் கேட்க வேண்டுமானால், என்னைக் காட்டுமிராண்டித்தனமாக நடத்து என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். இது ஒரு நாகரிகத்தின் உச்சம். ஆய்வேடுகளைத் திருத்தும் பெரியோர் இந்த ஐந்தாம் நிலையைக் கேளாமலே அளிப்பவர்கள். அதற்கு முன்னே நான்கு நிலைகள் இருப்பதை அவர்களுக்கு யாராவது மென்மையாகத் தெரிவிக்க வேண்டும்.

5. முற்றுப்புள்ளியும் ஏவலும்

குறிப்பு சரியான இடத்தில் அமர்ந்தபின் அது எப்படி எழுந்து நிற்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. அதன் சுருக்கம் முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும். பைதானில் டி400, சி ஷார்ப் உலகின் ஸ்டைல்காப்பில் எஸ்ஏ1629, ஜாவாவில் செக்ஸ்டைல். மூன்று நாட்டுச் சட்டமும் ஒத்துப்போகும் அரிய இடம் இது.

டி401 இன்னும் ஒரு படி மேலே போய், முதல் வரி ஏவலாக இருக்க வேண்டும் என்கிறது. பட்டியலைத் தருகிறது என்று எழுதக் கூடாது. பட்டியலைத் தா என்று எழுத வேண்டும். இதைக் கருவி எவ்வாறு அறியும்? முதல் சொல்லை எடுத்து, அதன் விகுதியைச் சீவி, தன்னிடமுள்ள ஆங்கில வினைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இங்கே தமிழில் ஆவணம் எழுதுவோர்க்கு ஒரு நற்செய்தி. தமிழில் வினை கடைசியில் வரும். கருவி முதல் சொல்லோடு திரும்பிப் போய்விடும். பட்டியலில் இல்லாத சொல்லைக் கண்டால் அது குற்றம் சொல்வதும் இல்லை. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கச் சொல்லும் டி403 தமிழுக்கு வந்தால், பெரிய எழுத்தே இல்லாத ஊரில் வேலையின்றி நிற்கும். எனவே ஒரு ஃபங்ஷனின் ஆவணமாக நேற்றைய ரசத்தின் செய்முறையைத் தமிழில் ஒரே வரியில் எழுதி, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால், டி400, டி401, டி403 மூன்றும் வாழ்த்தி வழியனுப்பும். இதனை யாம் செம்மொழித் தகுதியின் பன்னிரண்டாம் கூறாக முன்மொழிகிறோம்; ஏனைய பதினொன்று எவை என்பதைப் பிறர் கூறுக.

6. பொருளியல்

ஆவணம் சொல்வது உண்மையா என்று பார்க்கும் கருவி அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. ஆவணத்துக்குள் எழுதிய எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, சொன்ன விடை வருகிறதா என்று சோதிக்கும் டாக்டெஸ்ட் பைதானில் உண்டு. ரஸ்ட்டிலும் அவ்வாறே உண்டு. அவை குறிப்பின் இடத்தைக் கண்டுகொள்வதில்லை, உண்மையையே பார்க்கின்றன. ஆகவே இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா.

ஆயினும் ஒப்பீட்டுக்காக இரண்டு குறிப்புகளைக் கற்பனை செய்து காட்டுகிறோம். முதலாவது, பெயர் என்ற பண்பின் தலைமேல் அழகாக உட்கார்ந்திருக்கும் குறிப்பு: 'பெயரைப் பெறுகிறது அல்லது அமைக்கிறது.' ஸ்டைல்காப்பின் எஸ்ஏ1623 விதி, பண்பின் சுருக்கம் இந்த வாய்பாட்டில்தான் தொடங்க வேண்டும் என்று கேட்கிறது, தந்தாயிற்று. இடம் சரி, இடைவெளி சரி, முற்றுப்புள்ளி சரி. செய்தி இல்லை. செய்தி இல்லாமை குற்றப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது, அதே கோப்பில் கீழே, நள்ளிரவில் எழுதியது போன்ற ஒரு குறிப்பு: 'இந்த முப்பது நொடியைக் குறைக்காதீங்க. குறைச்சா, வங்கிப் பதில் வர்றதுக்குள்ள ரெண்டாவது தடவையும் பணம் எடுத்துடும்' இதற்கும் கீழுள்ள ஃபங்ஷனுக்கும் நடுவே ஒரு வெற்று வரி. கடைசியில் முற்றுப்புள்ளியும் இல்லை. வாடிக்கையாளர் பணத்தைக் காக்கும் ஒரே வாக்கியம் அந்தக் கோப்பில் இதுதான்; கருவி சிவப்பில் சுட்டிய ஒரே வாக்கியமும் இதுதான். ஆறு மணி கேபுக்கு ஓடுகிறவர் என்ன செய்வார்? புள்ளி வைத்து வரியை ஒட்டுவார் என்பது நன்னம்பிக்கை. குறிப்பையே அழித்துவிட்டால் இரண்டு எச்சரிக்கையும் ஒரு சொடுக்கில் போய்விடும் என்பது நடைமுறை.

கருவியை இதற்காக யாம் கடியமாட்டோம். அளக்கக்கூடியதை அளப்பேன் என்று அது நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு வந்தது. அது அளந்ததே தரம் என்று வாயிலில் காவல் வைத்து, பச்சை டிக் இல்லாமல் உள்ளே விடாதே என்று ஆணையிட்டவர்கள் மனிதர்கள். அவர்களும் ஒருவகையில் அறிஞர்களே.

7. விலக்கு இயல்

வரியின் கடையில் நோகியூஏ என்று எழுதினால் பைதான் கருவிகள் அவ்வரியை மன்னிக்கும். பெர்லில் நோ கிரிட்டிக் என்று எழுத வேண்டும். ஆனால் எந்தக் குற்றத்துக்கு என்று சொல்லாமல் பொது மன்னிப்புக் கேட்பது குற்றம் என்று பெர்ல் கிரிட்டிக்கில் ஒரு விதி உண்டு. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பதும் குற்றம் என்று இன்னொரு விதி உண்டு. ரஃபும் ஆர்யூஎஃப்100 என்ற எண்ணில் தேவையற்ற மன்னிப்புகளைத் தேடிப் பிடிக்கிறது. இந்த விதிகளை மீற வேண்டுமானால் அதற்கும் மன்னிப்பு எழுதலாம். இவ்வாறு உரைக்கு உரையும், அதற்குக் குறிப்புரையும், அதற்கு அரும்பத விளக்கமும் வளர்வது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. மூலம் எங்கே என்று கேட்பவரே அங்கும் அரிது.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

இவ்வாய்வால் பெறப்படுவன: ஒன்று, ஆவணத்தின் இடம் என்பது மேல், உள், கடை, பக்கம், அந்தரம் என ஐந்து. இரண்டு, வெற்று வரி வெற்று அன்று. மூன்று, டி203 வாழ்க. நான்கு, டி211-உம் வாழ்க, யாம் எவரையும் பகைக்க விரும்பவில்லை.

பரிந்துரை: ஒவ்வொரு நிறுவனமும் விதிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்க வேண்டும். குழுவின் முடிவை ஆவணப்படுத்த வேண்டும். அவ்வாவணத்தை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டாவது குழு அமைக்க வேண்டும்.

மேலாய்வுக் களங்கள்: தாவல் எழுத்தால் உள்தள்ளப்பட்ட குறிப்பின் சமூகநிலை, அனோட்டேஷனுக்குக் கீழே சிக்கிய குறிப்புகளின் மறுவாழ்வு, யாரும் படிக்காத ஆவணத்தின் முற்றுப்புள்ளி யாருக்காக.

இக்கட்டுரை இனிப் புறத்தேர்வாளர் மூவருக்கு அனுப்பப்படும். முதலாமவர் இடப்பக்க ஓரத்தை அளவுகோல் வைத்துப் பார்ப்பார். இரண்டாமவர் தம் நூல் மேற்கோளாக வந்திருக்கிறதா என்று தேடுவார். மூன்றாமவர் முழுதும் படித்துவிட்டு, இதில் கருத்து ஏதும் இல்லையே என்று எழுதுவார். விதிப்படி இருவர் ஒப்பினால் போதும்.